தொழிலைக் கல்லில் எழுதியவன்

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவியோடு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஆலையில் வேலை. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவர்தான்.

முதலில் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடம். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் வெகுநேரம் நின்றார். "எங்க ஊர்ல சாமி புறப்பாடு எங்க தெரு முனையோட திரும்பிடும் அண்ணா. இவ்வளவு கிட்ட நின்னு பார்த்ததே இல்ல" என்றார்.

தோழர்களே, இந்த வார்த்தையின் பின்னால் ஒரு நூற்றாண்டுப் போராட்டம் இருக்கிறது. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 1939 ஜூலை 8-இல். எழும்பூர் அருங்காட்சியகமோ 1851-இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. அதை வெள்ளைக்காரர் நமக்குச் செய்த தயவு என்று நான் சொல்லவில்லை. கோயிலில் வாசலிலேயே மறிக்கப்பட்டவர்கள், அதே வகைச் சிலைகளை இங்கே நேருக்கு நேர் பார்க்க முடிந்தது. அவ்வளவுதான்.

அடுத்து அமராவதிச் சிற்பங்களுக்கு வந்தோம். ஆந்திரத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த மகாசைத்தியம் என்ற பெரும் பௌத்தத் தூபியின் கற்கள் இவை. 1797-இல் காலின் மெக்கன்சி அந்த மேட்டைப் பார்த்தபோதே, உள்ளூர் ஜமீன்தார் புது ஊர் கட்டக் கற்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பல கற்கள் சுண்ணாம்புக் காளவாயிலும் வெந்து போயின. 1845-இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்தவை சென்னைக்கு வந்தன. 1859-இல் அவற்றில் 121 கற்கள் லண்டனுக்குக் கப்பலேறின. எஞ்சியவற்றோடு, பின்னால் தோண்டிக் கிடைத்த பலவும் இங்கே சேர்ந்தன.

"இதை எந்த ராஜா கட்டினார் அண்ணா? எங்க பாடத்துல சாதவாகனர்னு மட்டும்தான் இருக்கு."

நல்ல கேள்வி. அரசர்கள் ஆண்டார்கள். ஆனால் கல்லுக்குக் கல் கொடை கொடுத்தவர்கள் யார் என்று அமராவதிக் கல்வெட்டுகளே சொல்கின்றன. பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் இருக்கும் அந்தச் சிறு வரிகளில் வணிகர்கள் இருக்கிறார்கள், இல்லறப் பெண்கள் இருக்கிறார்கள், பிக்குணிகள் இருக்கிறார்கள். 'தமிள' என்ற அடைமொழியோடு கண்ணன் என்பவனும், அவன் தம்பியும் தங்கையும் இருக்கிறார்கள்.

விதிகன் என்பவனும் இருக்கிறான். பெயரோடு 'சம்மகாரன்', அதாவது தோல் தொழிலாளி என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறான். நாகன் என்ற ஆசிரியரின் மகன். தாய், மனைவி, சகோதரர்கள், மகன், மகள்கள், உறவினர், நண்பர்கள் எல்லோரோடும் சேர்ந்து, நிறைகுடம் செதுக்கிய கற்பலகை ஒன்றைத் தூபிக்குக் கொடுத்திருக்கிறான்.

இந்த ஒரு கல்லைக் காட்டி, அந்தக் காலத்தில் சாதியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. விதிகனை இன்றைய எந்தச் சாதிக்கும் பாட்டனாக்கவும் வேண்டாம். ஆனால் ஒன்று நிச்சயம். ஆசிரியரின் மகன் தோல் வேலை செய்தான். அதை மறைக்காமல் புனிதத் தலத்தில் எழுதினான். பௌத்தம் அந்தக் கொடையைக் கைநீட்டி ஏற்றுக்கொண்டது.

எலியட் தோண்டிய அதே 1845-இல்தான் அயோத்திதாசப் பண்டிதர் பிறந்தார். 1898-இல் கொழும்பில் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் பத்திரிகை தொடங்கினார். ஒடுக்கப்பட்ட நாம் பூர்வத்தில் பௌத்தர்கள் என்று அவர் எழுதினார். தீண்டாமையின் தோற்றத்தைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட நூலும், வேறு சான்றுகள் வழியாக, பௌத்தத்துக்கே வந்து சேர்ந்தது. அந்த முடிவுகளை நீங்கள் விவாதிக்கலாம், விவாதிக்க வேண்டும். ஆனால் பழங்காலத்தை நாமே படிக்க வேண்டும் என்ற அவர்களுடைய பிடிவாதம் நம் சொத்து.

விதிகனைப் பற்றிச் சொல்லி முடித்ததும் மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "காலேஜ் விண்ணப்பத்துல அப்பா தொழில்னு கேட்ட இடத்துல 'தனியார் வேலை'ன்னு எழுதினேன் அண்ணா. தோல் வேலைன்னு எழுதக் கை வரல."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி எழுத வைத்தது அவர் கை அல்ல, இந்தச் சமூகம்.

அடுத்த வாரம் வகுப்புக் கருத்தரங்கில் விதிகனைப் பற்றிக் கட்டுரை வாசிக்கப் போவதாகச் சொன்னார். நீங்களும் ஒருமுறை எழும்பூருக்குப் போங்கள் தோழர்களே. சிற்பத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அதன் ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்துகளையும் குனிந்து பாருங்கள். கொடுத்தவர்களின் பெயர் அங்கேதான் இருக்கிறது.

ஜெய் பீம்.