தூத்துக்குடிக் கப்பலில் வந்த நாடகம்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் கூத்தில் தொடங்கி, பார்சி நாடகத்தின் வழிவந்த இசை நாடகத்தைத் தொட்டு, பின்னர் பேராசிரியர்கள் கணபதிப்பிள்ளைக்கும் வித்தியானந்தனுக்கும் தாவிவிடுவது வழக்கம். இடையில் ‘சபா நாடகம்’ என்று ஒரு பந்தி வரும். ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் எழுதிப் படித்த குறிப்புகளிலும் அந்த ஒரு பந்திதான் இருந்தது. பகலில் வேறு தொழில் பார்த்து, மாலையில் கூடி, சம்பளம் வாங்காமல் நடித்தவர்கள் என்பதோடு அது முடிந்துவிடும். சம்பளமில்லாத வேலைக்காக இத்தனை பேர் இத்தனை வருடம் பிரியாமல் எப்படிக் கூடினார்கள்? நாடகத்தைக் காட்டிலும் எனக்கு இந்தக் கேள்வியிலேதான் ஈடுபாடு.

1891இல் பெல்லாரியிலிருந்து சரச வினோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடினர். அதை நடத்தியவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லு என்ற வக்கீல். பார்க்கப் போனவர்களில் பதினெட்டு வயது மாணவர் ஒருவரும் இருந்தார். தமிழ் நாடகமென்றால் அதுவரை முகம் சுளித்தவர். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார். அவரை அசைத்தது நாடகத்தின் சிறப்பு மாத்திரமன்று. படித்தவர்களும் உத்தியோகத்தவர்களும் அரிதாரம் பூசலாம், அதனால் மரியாதை குறைந்துவிடாது என்பதே அன்றைய புதினம். அதே ஆண்டு ஜூலை முதலாம் திகதி அவரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினர்.

அந்தச் சபையின் நாடகங்கள் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது, நான் விரிக்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு என்று நீண்டுகொண்டிருந்த மேடையில் வசனத்தை முதன்மைப்படுத்தினார்கள். ‘மனோகரா’, ‘லீலாவதி – சுலோசனா’, ‘சபாபதி’ எல்லாம் அங்கே பிறந்தவை. ஷேக்ஸ்பியரின் ஹம்லெட் ‘அமலாதித்யன்’ ஆனான். வெனிஸ் நகரத்து வணிகன் ‘வாணீபுர வணிகன்’ ஆனான். ‘சபாபதி’ 1941இல் திரைப்படமாக வந்தது. ‘மனோகரா’ 1954இல் வந்தது. இவற்றைத் திரையில் பார்த்து ரசித்த பலருக்கு அவை அமெச்சூர் நடிகர்களுக்காக எழுதப்பட்டவை என்பது தெரியாது.

கவனிக்க வேண்டியது, சபை இயங்கிய இடம். சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலின் மேல்மாடியில் அது பல்லாண்டு காலம் இருந்தது. நாடகம் இல்லாத நாளிலும் அந்த இடம் இருந்தது. கந்தோரும் கோர்ட்டும் முடிந்து, வீட்டுக்குப் போகுமுன் போய் உட்கார ஓரிடம். பிற்காலத்தில் அரசியலில் பெயர் பெற்ற எஸ். சத்தியமூர்த்தி அங்கே மனோகரனாக நடித்தார். சி.பி. இராமசாமி ஐயரும் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அங்கத்தவர்களாக இருந்தனர். இவர்களுக்குப் பணமோ புகழோ நாடகத்தால் வரவேண்டியதில்லை. சிநேகிதத்துக்காக வந்தார்கள், வந்ததால் நடித்தார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் அமெச்சூர் நாடகம் நமக்கு விளங்காது.

பிரயாணமும் அப்படித்தான். பெங்களூர், மதுரை என்று சபை ஊர் ஊராகப் போனது. 1911இல் கொழும்புக்கு வந்தது. தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பற் சேவை 1914இல்தான் தொடங்கிற்று. அதற்கு முன்னர் சென்னையிலிருந்து வருவோரின் வழமையான வழி, தூத்துக்குடி வரை ரெயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். சீலையும் முடியும் வாளும் பெட்டிகளில் அடைத்து, ஆபீசில் லீவு எடுத்து, ராஜாவாக நடிப்பவரும் சேவகனாக நடிப்பவரும் ஒரே கப்பலில் கடலைக் கடந்து போவதென்பது இலேசான காரியமா? ஒத்திகையில் மூன்று மாதம் பழகினாலும் தெரியாத குணம் ஒரு பிரயாணத்தில் தெரிந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தமிழ்த்தினப் போட்டிக்கு வருடந்தோறும் பிள்ளைகளை வலயத்துக்குக் கூட்டிப் போகிறவன் நான். ஒத்திகையில் ஒருவரோடொருவர் முகம் பாராத பையன்கள் வாடகை வானில் ஒருமணி நேரம் நெருங்கி உட்கார்ந்து, ஒரே பார்சலைப் பிய்த்துத் தின்று, மேடையேறும்போது வேறு ஆட்களாகியிருப்பார்கள். வசனத்தை மறந்தவனுக்கு மற்றவன் எடுத்துக் கொடுப்பான். திரும்பி வரும்போது முதலிடமா மூன்றாமிடமா என்பது பாதி வழியிலேயே மறந்துபோகும்.

1911இல் கொழும்பில் அந்நாடகங்களைப் பார்த்தவர்களுள் க. சொர்ணலிங்கம் என்ற யாழ்ப்பாணத்து இளைஞரும் ஒருவர். 1889இல் பிறந்தவர். பம்மலையே தம் குருவாக வரித்துக்கொண்டார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையும், யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபையும் தோன்றின. சொர்ணலிங்கத்தின் ஷைலொக் பேர்பெற்ற பாத்திரம். கலையரசு என்ற பட்டம் அவரது பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1968இல் ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்ற நூலை எழுதினார். 1982இல் காலமாகும்வரை ஈழத்துத் தமிழ் நாடகக்காரர்களுக்கு அவர் மூத்த தலைமுறையின் சாட்சியாக இருந்தார். ஒரு குழுவின் பிரயாணம் இன்னொரு நாட்டில் குழுக்களைப் பெற்றது என்பதுதான் இதில் வரலாறு.

இந்த மரியாதைக்கு ஒரு விலையும் இருந்தது. கம்பெனி நாடகக்காரர்கள் அக்காலத்தில் நாடகத்தை நம்பி வயிறு வளர்த்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகளைச் சிறுவர்கள் பாடி ஆடினார்கள். கே.பி. சுந்தராம்பாள் போன்ற பெண்கள் அந்த மேடையிலிருந்தே எழுந்தவர்கள். இலங்கைக்கும் வந்து பாடி நடித்தவர்கள். ‘நாங்கள் கூலிக்கு ஆடுபவர்கள் அல்லர்’ என்று சபாக்காரர் சொல்லும்போது அது இவர்களைத் தள்ளிவைத்துச் சொன்ன சொல். சபையில் பெண்கள் மேடையேறவில்லை. கதாநாயகியாக நின்றவர் ரங்கவடிவேலு என்ற ஆண். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பம்மலுக்கு ஜோடியாக நடித்து, 1923இல் அவர் இறந்தார். பம்மலின் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலைப் படிப்பவருக்கு அந்தச் சிநேகிதத்தின் ஆழம் தெரியும். ஆயினும் ஒரு பெண் நின்றிருக்க வேண்டிய இடம் அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நமது சமூகத்துக்கு இது அந்நியமான வழக்கல்ல. நாடகம் நமக்கு ஒவ்வாதது என்போரிடம் அலிபாதுஷா நாடகம், அப்பாசு நாடகம் என்ற பெயர்களைச் சொன்னால் வியப்படைகிறார்கள். இஸ்லாமியத் தமிழிலக்கிய வரலாற்றில் அவை இருக்கின்றன. ஊரில் எழும் ஆட்சேபம் உண்மையில் கதையைப் பற்றியதன்று. யார் யாரோடு, எங்கே, எத்தனை மணிவரை கூடுகிறார்கள் என்பதைப் பற்றியது. 1891இல் சென்னையின் படித்த குடும்பங்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்டன. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை நாடகங்கள் இந்தச் சிக்கலை ஒருவாறு கடந்தன. வேடமில்லை, மேடையில்லை, குரல் மட்டுமே. எங்கள் உம்மாமார் அடுப்படியில் இருந்தபடியே அவற்றைக் கேட்டார்கள். நடிகருக்கு ஒரு வாய்ப்பாக அது பெரிது. ஆனால் ஒலிப்பதிவு முடிந்தால் அவரவர் பாட்டில் வீடு போய்ச் சேரலாம். மேல்மாடி ஒன்று அதற்குத் தேவைப்படாது.

சுகுண விலாச சபை 1936இல் மவுண்ட் ரோட்டில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. காலப்போக்கில் நாடகம் தேய்ந்து, மனமகிழ் மன்றம் மிஞ்சிற்று. கூட்டம் நாடகத்தைப் பெற்றது. பிறகு நாடகமில்லாமலும் கூட்டம் வாழ்ந்தது. நம் கிராமங்களில் நிலைமை எதிர்ப்பக்கம். நாடகம் போட்டிக்காக வருடத்தில் ஒரு மாதம் உயிர்பெறுகிறது. பள்ளிக்கூடம் விட்டுப்போன பையன்கள் கூடி உட்கார இடமில்லை. எங்கள் ஊர் வாசிகசாலைக்கு ஒரு மேல்மாடி உண்டு. உடைந்த கதிரைகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை, இஷாவுக்கு முன் மூடிவிடுகிறோம் என்று எழுதி, திறப்பைக் கேட்டு நானும் பழைய மாணவர் பதினொருவரும் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறோம். கதிரைகளை நாங்களே இறக்கித் திருத்தித் தருவதாகவும் கடிதத்தின் கடைசியில் சேர்த்திருக்கிறோம்.