ராஜாஜியின் பழமைவாதமும் அமெரிக்காவும்

சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார் (10 டிசம்பர் 1878 – 25 டிசம்பர் 1972), மக்கள் வழக்கில் ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராகவும் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் சென்னை மாநில முதலமைச்சராகவும் பதவி வகித்தவர். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தவர். தம்மைப் பழமைவாதி என்று ஒப்புக்கொள்ளக் கூசாத மிகச் சில இந்தியத் தலைவர்களுள் ஒருவர். மதுவிலக்கு, அணுகுண்டு, அரசின் அதிகார எல்லை, வெளிநாட்டு உதவி, பொதுவுடைமை எதிர்ப்பு ஆகிய பொருள்களில் அமெரிக்க அரசியலோடு அவருக்கு ஏற்பட்ட ஒப்புதலையும் பிணக்கையும் இக்கட்டுரை கூறுகிறது.

கொங்குநாட்டுத் தொடர்பு

ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூரை அடுத்தது. அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. சேலம் நகரைக் கொங்குநாட்டில் சேர்ப்பதா என்று ஐயுறுவார் உண்டு. திருச்செங்கோட்டைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. ராஜாஜியின் சமூகக் கருத்துகள் உருப்பெற்ற இடம் அதுவே. 1900 முதல் சேலத்தில் வழக்கறிஞராகப் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1917 முதல் 1919 வரை அந்நகராட்சித் தலைவராக இருந்தார். ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலை விட்டார். 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அதற்கு நிலம் தந்தவர் அவ்வூர்ப் பெருநிலக்கிழார் இரத்தினசபாபதிக் கவுண்டர்.

மழை குறைந்த மேட்டுக்காட்டுப் பகுதி அது. ஆசிரமம் கதர் நூற்பையும் நெசவையும் மருந்தகத்தையும் தீண்டாமை ஒழிப்பையும் தன் வேலைகளாகக் கொண்டது. சுற்றுவட்டார நெசவாளரும் உழவுக்கூலிகளும் வாரக் கூலியில் பெரும்பகுதியைக் கள்ளுக்கடையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவதை ராஜாஜி நாள்தோறும் கண்டார். குடியை அவர் ஒழுக்கக்கேடாக மட்டும் கருதவில்லை. வறுமைக்கு முதற்காரணமாகவே கணக்கிட்டார். கொங்கு மண்ணுக்கு இந்த எண்ணம் புதிதன்று. 1921இல் ஈரோட்டில் பெரியாரும் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியல் நடத்தியிருந்தனர். சேலம் தாதம்பட்டியில் தமக்கிருந்த தென்னந்தோப்பைப் பெரியார் வெட்டிச் சாய்த்தார். பிற்காலத்தில் எதிரெதிர் முகாம்களில் நின்ற ராஜாஜியும் பெரியாரும் அரசியலில் கைகோத்த நாட்கள் அவை.

அமெரிக்க மதுவிலக்கும் சேலம் மதுவிலக்கும்

1920ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அமெரிக்காவில் நாடு தழுவிய மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அரசியலமைப்பின் 18ஆம் திருத்தமும் வோல்ஸ்டெட் சட்டமும் அதற்கு அடிப்படை. செல்வச் செழிப்பும் எந்திர வலிமையும் உள்ள ஒரு நாடு குடியைச் சட்டத்தால் ஒழிக்க முனைந்த செய்தி இந்திய மதுவிலக்குக்காரர்களுக்குப் பெரும் ஊக்கம் தந்தது. பாதிரிமார் வழியாக வந்த துண்டு வெளியீடுகளும் புள்ளிவிவரங்களும் இங்கே படிக்கப்பட்டன.

ராஜாஜி 1929இல் ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்னும் தமிழ் மாத இதழை வெளியிட்டார். மதுவிலக்குக்கென்றே நடந்த இதழ் அது. கதை, பாட்டு, கேலிப்படம் என எளிய மக்களுக்கு எட்டும் வடிவில் குடியின் கேட்டைச் சொன்னது. பின்னாளில் ‘கல்கி’ என்று புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி இதன் துணையாசிரியராக ஆசிரமத்தில் தங்கியிருந்தார். பத்து இதழ்களே வந்தன. 1930இல் உப்பு சத்தியாக்கிரகம் வந்ததும் இதழ் நின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடைப்பயணம் புறப்பட்ட ராஜாஜி சிறை சென்றார். தமிழ் இதழியல் வரலாற்றில் விமோசனம் இன்னும் உரிய இடம் பெறவில்லை. கல்கியின் எளிய நடை பழகிய களங்களுள் ஒன்று என்ற வகையிலேனும் அது ஆராயத் தக்கது. 1931இல் மதுவிலக்குப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கையேட்டையும் ராஜாஜி எழுதினார்.

அமெரிக்கச் சோதனையோ தோற்றது. கள்ளச்சாராயமும் கடத்தலும் பெருகின. சிகாகோவில் அல் கபோன் போன்றோர் அதில் கொழுத்தனர். 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், மதுவரி வருவாய் வேண்டும் என்ற குரலும் சேர்ந்தது. 1933 டிசம்பர் 5ஆம் நாள் 21ஆம் திருத்தம் மதுவிலக்கை நீக்கியது. உலகமே அதைப் பாடமாகக் காட்டிய நிலையில், நான்கே ஆண்டுகளுக்குள் ராஜாஜி அதே வேலையைத் தம் சொந்த மாவட்டத்தில் தொடங்கினார். 1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடப்புக்கு வந்தது. மதுவிலக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் விரிந்தது.

அமெரிக்கத் தோல்வியைச் சுட்டியவர்களுக்கு ராஜாஜி தந்த மறுமொழி அவருடைய பழமைவாதத்தைத் தெளிவாகக் காட்டுவது. அமெரிக்காவில் குடி என்பது மேன்மக்கள் வீட்டு விருந்திலும் இடம்பெற்ற வழக்கம். சட்டம் அங்கே மக்கள் மனத்துக்கு எதிராக நின்றது. இந்தியாவில் இந்து சமயமும் இசுலாமும் குடியை இழிவென்றே கொள்கின்றன. குடிப்பவனே குடியைப் பழிக்கிறான். ஆகவே இங்கே சட்டம் மரபின் பக்கம் நிற்கிறது என்பது அவர் வாதம். மரபின் துணை இருந்தால் சட்டம் பலிக்கும், இல்லையேல் பலிக்காது என்ற இந்த எண்ணமே அவருடைய பிற்காலக் கருத்துகள் பலவற்றுக்கும் வேர்.

இழந்த மதுவரிக்கு ஈடாக 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். அதே பத்தாண்டில் அமெரிக்க மாநிலங்கள் பலவும் வீழ்ச்சியைச் சமாளிக்க விற்பனை வரியை நாடியிருந்தன. அமெரிக்கர் மதுவரி வேண்டி மதுவிலக்கை எடுத்தனர். இவரோ மதுவிலக்கு வேண்டி வேறு வரி போட்டார். சேலம் சோதனை வெற்றி பெற்றது என்றே கொள்ள வேண்டும். கூலிக்காரர் வீடுகளில் கூலி தங்கியது. மாகாணம் முழுமைக்கும் விரிந்த பின்னர் எழுந்த கள்ளச்சாராயச் சிக்கல்களை இந்தத் தொடக்கக் கட்டத்தோடு சேர்த்து எண்ணுவது முறையன்று.

பழமைவாதத்தின் வகை

அமெரிக்க அரசியலறிஞர் ஹோவர்ட் எர்ட்மன் 1967இல் வெளியிட்ட ஆய்வுநூல், சுதந்திராக் கட்சியையும் இந்தியப் பழமைவாதத்தையும் ஒருங்கே வைத்து நோக்கிய முதன்மையான நூலாகும். மன்னர் வழியினரும் பெருநிலக்கிழாரும் ஒருபுறமும், தொழிலதிபரும் நகர்ப்புறத் தாராளவாதிகளும் மறுபுறமும் ஒரே கட்சியில் கூடியதை அவர் ஆராய்ந்தார். இவ்விரு பிரிவுகளில் ராஜாஜியை எதில் வைப்பது என்பது எளிதன்று. அவரிடம் அரண்மனையும் இல்லை, ஆலையும் இல்லை. கீதையும் உபநிடதமும் கிராமத் தொழிலும் கூட்டுக்குடும்பமும் அவர் பழமைவாதத்தின் நான்கு கால்கள்.

அமெரிக்க வலதுசாரியோடு ஒப்பிட்டால் ஒற்றுமையும் முரணும் உடனே தெரியும். அரசு பொருளாதாரத்தில் தலையிடக்கூடாது என்பதில் இருவரும் ஒன்று. 1952இல் முதலமைச்சரானதும் உணவுத் தானியக் கட்டுப்பாட்டை அவர் நீக்கியது இந்நம்பிக்கையின் செயல்வடிவம். செயற்கைக் கருத்தடையை ஏற்காததிலும் அங்குள்ள சமயப் பழமைவாதிகளுக்கு அவர் அண்மையானவர். படைப்பெருக்கத்திலோ நேர் எதிர். சந்தையில் அரசின் கை கூடாது என்றவர், கள்ளுக்கடையில் மட்டும் அரசின் கை வேண்டும் என்றார். இது முரண் என்று அவர் ஒருபோதும் எண்ணவில்லை.

1953இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் படிப்பும் எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பயில்வதுமாக அவர் கொண்டுவந்த திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. எதிர்ப்பாளர் ‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டினர், பெயரே நிலைத்தது. சட்டமன்றத்தில் திட்டத்தைக் காத்துப் பேசியவர் பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். 1954இல் ராஜாஜி விலக, கட்சித் தலைமைக்கான போட்டியில் சுப்பிரமணியம் 41 வாக்கும் காமராசர் 93 வாக்கும் பெற்றனர், திட்டம் கைவிடப்பட்டது. அதே சுப்பிரமணியம் 1960களின் நடுவில் மத்திய உணவு அமைச்சராக அமெரிக்கக் கோதுமைக்காக வாஷிங்டனோடு பேச்சு நடத்தியவர்.



அணுகுண்டும் கென்னடி சந்திப்பும்

ராஜாஜியின் அமெரிக்கத் தொடர்பில் உலகறிந்த பகுதி இதுவே. 1953 இறுதியில் துணைக்குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன் சென்னைக்கு வந்தபோது இருவரும் நெடுநேரம் உரையாடினர். அந்த உரையாடல் தம் எண்ணங்களைப் பாதித்ததை நிக்சன் பின்னாளில் தம் நூலில் நினைவுகூர்ந்தார். பொதுவுடைமையை இருவரும் வெறுத்தனர். ஆயினும் ஐதரசன் குண்டைப் பற்றி ராஜாஜி சொன்னது நிக்சனின் கட்சிக்கு இனிக்கக்கூடியதன்று. மறுதரப்பை எதிர்பார்க்காமல் அமெரிக்கா தானே முன்வந்து அணுவாயுதத்தைக் கைவிட வேண்டும் என்பது அவர் நிலை.

1962 ஜூனில் காந்தி அமைதி நிறுவனம் டெல்லியில் அணுவாயுத எதிர்ப்பு மாநாடு கூட்டியது. சோவியத் ஒன்றியம் 1961 செப்டம்பரிலும், அமெரிக்கா 1962 ஏப்ரலில் வான்வெளியிலும் மீண்டும் குண்டுச் சோதனைகளைத் தொடங்கியிருந்த காலம். வாஷிங்டனுக்குத் தூது அனுப்ப முடிவாகி, ராஜாஜி தலைமையில் ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும் சென்றனர். எண்பத்து மூன்று வயதில் அதுவே அவருக்கு முதல் மேலைநாட்டுப் பயணம். செப்டம்பர் 28ஆம் நாள் வெள்ளை மாளிகையில் ஜான் கென்னடியைச் சந்தித்தார். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒதுக்கிய சந்திப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. கென்னடி அவருடைய தெளிவையும் மொழிநயத்தையும் வியந்ததாக உடனிருந்தோர் பதிந்துள்ளனர். இச்சந்திப்பு நடந்த சில வாரங்களில் கியூபா ஏவுகணை நெருக்கடி மூண்டது; 1963 ஆகஸ்ட் 5ஆம் நாள் மாஸ்கோவில் சோதனைத் தடை உடன்படிக்கை கையெழுத்தானது. அதற்குக் காரணங்கள் பல. திருச்செங்கோட்டு ஆசிரமத்தின் நிறுவனர் வெள்ளை மாளிகையில் வைத்த வாதமும் அவற்றுள் ஒன்றா என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது.

பனிப்போரும் வெளிநாட்டு உதவியும்

1962 அக்டோபரில் சீனா தாக்கியதும், அணிசேராமையை விட்டு மேற்கு நாடுகளோடு சேர வேண்டும் என்று ராஜாஜி வெளிப்படையாகக் கோரினார். அமைதித் தூதரே படைத்துணை கேட்கிறாரே என்று காங்கிரசார் ஏளனம் செய்தனர். அவர் எதிர்த்தது அணுவாயுதத்தை, தற்காப்பை அல்ல. அமெரிக்கப் பணம் அரசு வழியாக வந்து ஐந்தாண்டுத் திட்டத்தைக் கொழுக்க வைப்பதைவிடத் தனியார் முதலீடாக வருவதே மேல் என்பது சுதந்திராக் கட்சியின் கொள்கை. மினு மசானி, என். ஜி. ரங்கா, கே. எம். முன்ஷி ஆகியோர் அக்கட்சியில் அவருக்குத் துணை. லைசென்சு, பெர்மிட்டு, கோட்டா ஆட்சி என்று நேருவின் பொருளாதாரத்தை அவர் சாடியது வணிகரிடையே பெரும் வரவேற்புப் பெற்றது.

மக்களவையில் 1962இல் 18 இடம், 1967இல் 44, 1971இல் 8: கட்சியின் ஏற்றமும் இறக்கமும் இவ்வளவே. 1967இல் தி.மு.க.வுடன் கூட்டு வைத்து, காங்கிரசு ஆட்சியைத் தமிழ்நாட்டில் வீழ்த்தியதில் ராஜாஜியின் பங்கு பெரிது. 1971இல் அதே தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே சென்று வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார், பயனில்லை. 1974இல் கட்சி பாரதிய லோக்தளத்தில் கரைந்தது.

இன்று

ராஜாஜி நெடுங்காலம் எழுதிவந்த ‘சுவராஜ்யா’ ஆங்கில இதழ் இடையில் நின்றுபோய், 2014இல் இணையத்திலும் 2015இல் அச்சிலும் வலதுசாரி இதழாக மீண்டும் வரத்தொடங்கியது; அதை நடத்துவது கோவை மீடியா என்னும் நிறுவனம். புதுப்பாளையம் காந்தி ஆசிரமம் கதர் விற்பனையைத் தொடர்கிறது. தமிழ்நாட்டில் மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம் உள்ளது.