கித்துல் பாணியின் வரலாறு

ஒரு தீவுக்கு வரும் விருந்தினரை அத்தீவின் மண்ணில் விளைந்தது கொண்டே உபசரிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். குரோவேசியத் தீவுகளில் அந்த இடம் ஒலிவ எண்ணெய்க்கும் திராட்சை மதுவுக்கும் உரியது. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் அது கித்துல் மரத்துக்கு உரியது. தமிழர் இதனைக் கூந்தற்பனை என்பர்.

இரத்தினபுரி, கேகாலை மலைச்சரிவுகளில் தேயிலையும் இரப்பரும் பரவுவதற்கு நெடுங்காலம் முன்னரே கித்துல் கிராமத்தவருக்கு உணவளித்து வந்தது. 1660 இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, 1679 இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் இராபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தமது நூலில் இம்மரத்தைப் பற்றி எழுதியுள்ளார். நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் இனிய சாறு தரும் மரம் என்றும், அச்சாற்றைக் காய்ச்சி மக்கள் கருப்பட்டி செய்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

உயர்ந்த மரத்தில் ஏறிப் பாளையைப் பக்குவப்படுத்தி, நாள்தோறும் அதன் நுனியை மெல்லியதாகச் சீவிச் சாறு சேகரிப்பர். விரைவில் புளித்துவிடும் இயல்புடைய அச்சாற்றைக் காப்பதற்கு, முட்டியில் ஹல் மரப்பட்டையை இடுவதும் உண்டு. சுண்டக் காய்ச்சினால் பாணி, மேலும் இறுகக் காய்ச்சினால் கருப்பட்டி, புளிக்கவிட்டால் கள். அடுப்பிலே ஏறினால் குழந்தைக்கும் உணவாகும் சாறு, முட்டியிலேயே கிடந்தால் போதைப் பொருளாகின்றது.

இவ்விரண்டாம் வழியே அரசின் கண்ணில் முதலில் பட்டது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தையடுத்து நாடெங்கும் கள்ளுக்கடைகள் திறக்கப்படவே, அவற்றை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. டி. பி. ஜயதிலக, எவ். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க முதலியோர் அதில் முன்னின்றனர். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்குக் கள்ளுக்கடை எத்தகைய சுமை என்பதைத் தோட்ட மக்கள் நன்கறிவர்.

அதே மக்கள் கித்துலின் நல்ல பயனையும் அறிவர். தமிழகத்திலிருந்து வந்த அவர்தம் முன்னோருக்குப் பனங்கருப்பட்டி பழகிய பொருளே. ஆகவே, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் பருகும் இந்நாட்டு வழக்கம் லயன் வீடுகளிலும் எளிதில் வேரூன்றியது.

கேகாலை மாவட்டத்துக் கித்துல்கல என்னும் ஊரோ மரத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1957 இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ திரைப்படம் அங்கே களனி கங்கைக் கரையிலே படமாக்கப்பட்டது. இன்று படகோட்ட வரும் வெளிநாட்டார்க்கு எருமைத் தயிரும் கித்துல் பாணியும் சேர்ந்த உணவு இத்தீவின் தனிச்சுவையாகப் பரிமாறப்படுகின்றது.

ஆயினும் மரமேறுவோர் தொகை குறைந்து வருகின்றது. தவறி விழுந்தால் உயிருக்கே ஆபத்தான தொழிலுக்கு இளைஞர் முன்வரத் தயங்குகின்றனர். சீனி கலந்த போலிப் பாணி மலிவாக விற்கும்போது, தூய பாணி காய்ச்சுவோர் தக்க விலை பெறுவது அரிதாகின்றது. இம்மாகாணத்தின் விருந்துச் சிறப்பு நிலைக்க வேண்டுமாயின், பாளை சீவும் கைக்கு உரிய ஊதியமும் பாதுகாப்பும் கிடைத்தல் வேண்டும்.