திருவமுதில் விளங்கும் நாட்டு வளம்

ஐந்நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணத் தொடங்கிய தொல்காப்பியர், தெய்வத்தை முதற்கண் வைத்து, அதனை அடுத்து உணவை வைத்தார். ஒரு நிலத்து மக்கள் எதனை விளைத்து உண்கின்றனரோ அதனையே தம் தெய்வத்திற்கும் படைப்பர் என்பதனை இவ்வைப்புமுறை நினைவூட்டுகின்றது. மலைவாணர்க்குத் தினையும், முல்லை நிலத்தார்க்கு வரகும் சாமையும், மருத நிலத்தார்க்குச் செந்நெல்லும் உணவாயின. இவ்வேறுபாடு தமிழகத்தளவில் நில்லாது பாரத நாடு முழுவதும் பரந்து கிடத்தலை அவ்வந்நாட்டு வழிபாட்டிடங்கள் இன்றும் காட்டி நிற்கின்றன.

கோதுமை விளையும் பஞ்சாபில், அமிர்தசரசுப் பொற்கோயிலின் உணவுச்சாலை கோதுமை ரொட்டியும் பருப்பும் வருவார்க்கெல்லாம் வேறுபாடின்றி வழங்குகின்றது. காசுமீரத்துச் சைவர் சிவராத்திரி விழாவில் தம் மலைநாட்டு விளைபொருளாகிய அக்ரூட்டுக் காய்களை நீரில் ஊறவைத்து வழிபட்டு, உற்றார்க்குப் பிரசாதமாக அளிக்கின்றனர். கேரளத்து அம்பலப்புழையில் அரிசியும் பாலும் சர்க்கரையும் கூடிய பால் பாயசம் சிறப்புடையது. பழனியில் மலைவாழைப் பழமே பஞ்சாமிர்தத்திற்கு உயிராகும். காஞ்சி வரதராசர் கோயிலில் மிளகும் சீரகமும் சுக்கும் பெய்த இட்டலி ஆவியில் வெந்து அமைகின்றது. தில்லையிலோ சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் பெயர் பெற்றவை. மார்கழித் திருவாதிரையில் ஆடவல்லானுக்குப் படைக்கப்பெறும் களி, சேந்தனாரின் அன்பு வரலாற்றோடு பிணைந்து, ஏழையின் எளிய உணவும் இறைவனுக்கு உவப்பாதலை உலகறியச் செய்கின்றது.

இம்மடைப்பள்ளிகள் நிலத்தின் வேறுபாட்டோடு காலத்தின் பழமையையும் காத்து வருகின்றன. சோழர் காலக் கல்வெட்டுக்கள் திருவமுதுக்கு வேண்டுவனவற்றைக் கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என்று அன்பு ததும்பப் பெயரிட்டு, அளவும் குறித்துச் செல்கின்றன. அவற்றில் மிளகு உண்டு, மிளகாய் இல்லை. 1498 ஆம் ஆண்டில் வாசுகோடகாமா கோழிக்கோட்டுப் பக்கம் கரையேறிய பின்னர், போர்ச்சுக்கீசியர் வாயிலாகவே அமெரிக்க நாட்டுப் பயிராகிய மிளகாய் இந்நாட்டிற்கு வந்தது. மிளகுபோல் உறைக்கும் காய் என்னும் பொருள்பட அமைந்த அதன் பெயரே அதற்கு முன்னைய காரம் யாதென்பதைக் கூறிவிடும். உருளைக்கிழங்கும் தக்காளியும் அவ்வாறே பின்னர்ப் புகுந்தவை. ஒடிசாவின் பூரி சகந்நாதர் கோயிலில் இம்மூன்றும் இன்றளவும் விலக்கப்பட்டுள்ளன. அங்கே புதிய மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விறகுத் தீயில் அமுது சமைக்கின்றனர். அவ்வுணவைச் சாதி வேற்றுமை பாராது யாவரும் ஒருங்கிருந்து உண்பர். வீட்டுச் சமையல் நானூறு ஆண்டுகளில் பெரிதும் மாறியபோதும், இறைவனுக்குரிய சமையல் பழைய நிலையிலேயே நின்றது.

இது தானே நின்றதன்று. நிற்குமாறு அறம் செய்தோர் இருந்தனர். 1010 ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுக்களை நோக்குவார்க்கு இது புலனாகும். அடியார் அளித்த முதற்பொருளை ஊர்ச்சபையார் ஏற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்காற் காசு வட்டி செலுத்தினர். முதல் குறையாது நிற்க, வட்டியினின்று வழிபாடு நாள்தோறும் நடந்தது. கோபுரம் எழுப்பிய பெருமைக்கு இணையாக அடுப்பெரியச் செய்த பெருமையையும் அக்காலத்தார் கருதினர்.

இக்காலத்தே திருப்பதி இலட்டுவும் (2009) பழனிப் பஞ்சாமிர்தமும் (2019) புவிசார் குறியீடு பெற்றுள்ளன. நன்றே. ஆயினும் சட்டம் பெயரைக் காக்குமேயன்றி, புகழ் பெறாத சிற்றூர்க் கோயிலின் மடைப்பள்ளியைக் காவாது. அங்கே தொன்றுதொட்டு அமைந்த பொங்கலும் களியும் ஒழிந்து, எவ்வூர்க்கும் பொதுவான கடைப் பொட்டலம் அவ்விடத்தைப் பற்றுமாயின், அவ்வூர் நிலத்திற்கும் தெய்வத்திற்கும் இருந்த உறவு அறுபடும். சமைக்கும் முறை அறிந்தாரும் அருகிப் போவர்.

ஆதலின், குடமுழுக்குத் திருப்பணிக்கு வாரி வழங்கும் அன்பர்கள் அதன்பின் வரும் நாள்களையும் எண்ணுதல் வேண்டும். குடமுழுக்குப் பன்னீராண்டுக்கு ஒருமுறை வருவது. திருவமுதோ நாள்தோறும் வேண்டப்படுவது. தம் ஊரில் விளைந்த நெல்லால், தம் கோயில் மரபின்படி அமையும் நிவேதனத்திற்கு ஒரு சிறு முதல் வைப்பாரும், கைப்பக்குவம் அறிந்த மடைப்பள்ளியார் அடுத்த தலைமுறைக்கு அதனைக் கற்பிக்குமாறு துணை நிற்பாரும் முன்னோர் அறத்தைத் தம் காலத்தும் நிலைபெறச் செய்தவராவர்.

திருச்சிற்றம்பலம்.