இலக்கிய மாணவருக்கும் கணிப்பொறி

1960-களின் தொடக்கத்தில் கணிப்பொறியிடம் கணக்குக் கேட்க வேண்டுமானால், ஆணைகளை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி பிழைத்தாலும் மறுபடியும் அதே பாடு! இலக்கியம் பயிலும் மாணவர் இதைத் தாங்குவாரா? அமெரிக்க டார்ட்மத் கல்லூரியின் கணிதப் பேராசிரியர்கள் கெமெனியும் கர்ட்ஸும் அத்தகையோரையும் மனத்தில் கொண்டே 'பேசிக்' மொழியை அமைத்தனர். 1964 மே 1 விடியற்காலை 4 மணிக்கு அது முதன்முதலாக இயங்கியது.

வரிகளுக்கு 10, 20, 30 என எண்ணிடுவது வழக்கம். இடையில் ஒன்று விட்டுப்போனால் 15 என்று எண்ணிட்டுத் தட்டுங்கள்; கணிப்பொறியே உரிய இடத்தில் சேர்த்துக்கொள்ளும்.

'லெட் எக்ஸ் = எக்ஸ் + 1.' அதெப்படிச் சமமாகும் என்கிறீர்களா? முன்னால் நிற்கும் 'லெட்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இது சமன்பாடு அன்று. எக்ஸின் பழைய மதிப்போடு ஒன்றைக் கூட்டி, விடையை எக்ஸிலேயே வை என்னும் கட்டளை.