வாங்கின பெட்டியும் செய்த பெட்டியும்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்ட கதைகளோட வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால இசை ஸ்ட்ரீமரை வாங்குறதா, செய்யிறதா எண்டு கேட்டால் எங்கட மனம் உடனே செய்யிற பக்கம்தான் சாயும். ஆனால் இந்தப் பெட்டிகளின் வரலாறு கொஞ்சம் சிக்கலானது.

2001இல் கலிபோர்னியாவின் ஸ்லிம் டிவைசஸ் எண்ட சின்னக் கொம்பனி, கணினியில கிடக்கிற பாட்டுகளை வீட்டு வலையமைப்பு வழியாக எடுத்து அம்பிளிஃபயருக்குக் கொடுக்கும் பெட்டியொன்றை விற்றது. 2003இல் ஸ்குவீஸ்பொக்ஸ் வந்தது. 2006இல் லொஜிடெக் அந்தக் கொம்பனியை வாங்கி, 2012இல் பெட்டிகளைக் கைவிட்டது.

கதை அதோட முடிஞ்சிருக்க வேணும். முடியேல்லை. பெட்டிக்குப் பாட்டு அனுப்பும் சேர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்தது; யாரும் எடுத்துத் திருத்தலாம். அதே 2012இல் ராஸ்பெரி பை எண்ட 35 டொலர் குட்டிக் கணினியும் வந்தது. அதில ஸ்குவீஸ்லைட் எண்ட மென்பொருளை ஏற்றினால், சேர்வருக்கு அதுவும் ஒரு ஸ்குவீஸ்பொக்ஸ்தான்.

காசு மிச்சம் எண்டு மட்டும் நம்பாதேங்கோ. அதன் ஹெட்போன் துளையில வரும் ஒலி சுமார். நல்ல ஒலிக்குத் தனி அட்டை வேணும். பவர் சப்ளை, மெமரி கார்ட், கூடு எண்டு செலவு ஏறும்.

2024இல் லொஜிடெக் தன் இணையச் சேவையையும் மூடியது. வாங்கின பழைய பெட்டிகள், ஆர்வலர்கள் பராமரிக்கிற அதே சேர்வரோட இப்பவும் பாடுது.