வாடகைக் கணக்கும் வண்ணக் கலவையும்

வயிற்றுப்பாட்டுக்காக உத்தியோகம் பார்த்துக்கொண்டு கலையில் ஈடுபடுவோரைப் பொழுதுபோக்குக் கலைஞர் என ஒதுக்கிவிடும் வழக்கம் கலையுலகில் நெடுங்காலமாக உண்டு. முழுநேரத்தையும் கலைக்கே அர்ப்பணித்தவரே உண்மைக் கலைஞர் என்பது இதன் உட்கிடை. இக்கருத்து யாருடைய வாழ்க்கையை அளவுகோலாகக் கொண்டது? இவ்வினாவை இங்கிலாந்தின் ஓவியர் எல். எஸ். லௌரியின் வரலாற்றைக் கொண்டு நாம் ஆராயலாம்.

1887 இல் மான்செஸ்ரர் நகரையடுத்துப் பிறந்த லௌரி, 16 வயதிலே படிப்பை விட்டுக் கந்தோர் எழுதுவினைஞரானார். 1910 இல் ஒரு வீட்டுச் சொத்து நிறுவனத்தில் வாடகை அறவிடுபவராகச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே தலைமைக் காசாளராக உயர்ந்து, 1952 இல் 65 வயதில் இளைப்பாறினார். இந்த 42 ஆண்டுகளும் அவர் ஓவியராகவும் வாழ்ந்தார். 1905 தொடக்கம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் மான்செஸ்ரரிலும் சல்போட்டிலும் மாலை வகுப்புகளில் ஓவியம் பயின்றார். பிரெஞ்சு ஓவியர் அடோல்ப் வலெற் அவருடைய ஆசிரியருள் ஒருவர். ஆகவே, பயிற்சியின்றித் தானாக முளைத்தவர் என அவரைப்பற்றிக் கூறப்படுவது பொருந்தாது.

வாடகை அறவிடுதல் மனத்தை வற்றச் செய்யும் தொழில். தெருத் தெருவாக நடக்க வேண்டும். கதவு கதவாகத் தட்ட வேண்டும். இல்லாதவனிடமும் கேட்டுத்தானாக வேண்டும். எனினும், இந்நடையே லௌரிக்குத் தம் உலகைக் காட்டியது. பஞ்சாலைப் புகைபோக்கிகளையும், நெருக்கமான செங்கல் வீடுகளையும், கூன் விழுந்து விரையும் மனிதரையும் அவர் நாள்தோறும் கண்டார். 1930 இல் தீட்டிய ‘ஆலையிலிருந்து வருதல்’, தொற்றுநோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியைக் காட்டும் 1935 ஆம் ஆண்டின் ‘காய்ச்சல் வண்டி’ ஆகியன இத்தெருக்களின் ஆவணங்கள். கருமை, வெண்மை, செந்நிறம், நீலம், காவி மஞ்சள் ஆகிய ஐந்து வண்ணங்களே அவருக்குப் போதுமாயிருந்தன.

இங்கு ஒரு முரண்பாட்டையும் நாம் மறைத்தலாகாது. தொழிலாளர் வாழ்வைத் தீட்டிய அவர், அத்தொழிலாளரின் வாசலில் வீட்டுடைமையாளரின் ஆளாகவே நின்றார். அவருடைய மனித உருவங்கள் பெரும்பாலும் தொலைவிலே சிறியனவாகத் தெரிவதற்கு இந்த நிலைப்பாடும் ஒரு காரணம் என நாம் கருதுகிறோம்.

வீட்டிலும் அவருக்கு ஓய்வில்லை. 1932 இல் தந்தை கடன்களை விட்டு இறந்தார். படுக்கையில் வீழ்ந்த தாயை 1939 இல் அவர் மறையும் வரை லௌரியே பராமரித்தார். தாய் உறங்கிய பின்னர், நள்ளிரவு கடந்தும் தூரிகை பிடித்தார். லண்டனில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்ததும் அதே 1939 இல்தான்; அப்பொழுது அவருக்கு வயது 51. துன்பமே கலையை வளர்க்கும் எனப் பாடுவோர் இவ்வாழ்க்கையை உதாரணம் காட்டக்கூடும். ஆனால், அந்த ஓவியங்கள் உறக்கத்திலிருந்து பிடுங்கிய மணித்தியாலங்களின் விளைவுகள். அக்களைப்பினால் தீட்டப்படாமலே போனவை எத்தனை என்பதை எந்தக் கலைக்கூடமும் காட்டப்போவதில்லை.

இத்தனை உழைப்பையும் லௌரி உலகிற்கு மறைத்தார் என்பதே வேதனைக்குரியது. அவர் வாடகை அறவிட்டவர் என்பதைப் பொதுமக்கள் பரவலாக அறிந்தது 1976 இல் அவர் இறந்த பின்னரே. தம்மை ‘ஞாயிற்றுக்கிழமை ஓவியர்’ என எள்ளுவர் என அவர் அஞ்சினார். அவ்வச்சம் காரணமற்றதன்று. பாரிஸ் நகர வாயில்களில் பண்டங்களுக்கு வரி அறவிடும் சிற்றூழியராக 1871 முதல் 1893 வரை கடமையாற்றிய ஹென்றி ரூசோவுக்குச் ‘சுங்கக்காரர்’ என்னும் பட்டப்பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டுள்ளது. அவர் 49 வயதில் வேலையை விட்டு முழுநேர ஓவியரானார். வயலின் கற்பித்தும் வறுமை நீங்காது 1910 இல் மாண்டார்.

அதே பிரான்சில் செசான் வங்கி உரிமையாளரின் மகன். தந்தை அளித்த பணமே அவரைத் தளராது தீட்ட வைத்தது. இதனால் செசானின் மேதைமை குறைந்துவிடாது. ஆயினும், ‘முழுநேர அர்ப்பணிப்பு’ என நாம் போற்றுவதன் அடியில் யாரோ ஒருவரின் செல்வம் கிடக்கிறது என்பதை மறுத்தல் இயலாது. கலைக்கு வேண்டிய ஓய்வு எவருக்குக் கிடைக்கிறது என்பது வர்க்கப் பிரச்சினையே.

லௌரி இளைப்பாறிய மறு ஆண்டான 1953 இல் தீட்டிய ‘ஆட்டம் பார்க்கச் செல்லுதல்’ 2022 இல் 78 இலட்சம் பவுணுக்கு விலைபோயிற்று. அவர் உயிரோடிருந்து உழைத்த காலத்தில் சமூகம் அவருக்கு ஒரு பகற்பொழுதையேனும் அளிக்கவில்லை.

நம்மிடையேயும் பகல் முழுவதும் வகுப்பறையிலும் கந்தோரிலும் தேய்ந்து, இரவில் எழுதவும் தீட்டவும் அமர்வோர் பலர். அவர்கள் தம் உத்தியோகத்தை மறைக்க வேண்டியதில்லை; தம் களைப்பைப் புனிதமாக்கவும் வேண்டியதில்லை. முன்னர் மான்செஸ்ரரில் ஆலை நடத்திய றொபேட் ஓவன், நாளொன்றுக்கு 8 மணித்தியால வேலை போதுமென 1817 இல் குரலெழுப்பினார். கூலியுழைப்பாளியின் நேரத்தை மீட்பதற்காக எழுந்த அக்கோரிக்கையைக் கலைஞரும் தம் சொந்தக் கோரிக்கையாகக் கொள்ளுதல் வேண்டும்.